திருநாளும் சொல்வன்மையும்

(பத்தாம் ஆண்டு விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாட்டுக்கொரு நாள் உண்டு. அமெரிக்க மக்களுக்கு ஜூலை 4. பிரெஞ்சு மக்களுக்கு ஜூலை 14. ஆஸ்திரேலியருக்கு ஜனவரி 26. அதே ஜனவரி 26 இந்திய மக்களுக்குக் குடியரசு நாள். அந்நாளில் கொடி ஏறும், அணிவகுப்பு நடக்கும், மேடை போடப்படும். மேடை என்று ஒன்று இருந்தால் பேச்சாளர் வேண்டும். கவியரங்கம் என்றால் கவிஞர் ஐவராவது வேண்டும். பேசுவோர் புகழ்வர், கேட்போர் கைதட்டுவர், மறுநாள் பந்தல் பிரிக்கப்படும். அங்கே ஒலித்த சொல் எவருடைய உள்ளத்தையேனும் மாற்றிற்றா என்று கேட்பார் இல்லை.

வள்ளுவர் பொருட்பாலில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதனோடு அமையாமல் அவையறிதல், அவையஞ்சாமை என மேலும் இரண்டு அதிகாரங்களை வைத்தார். சொல்லத் தெரிவது ஒன்று. யாரிடம் சொல்கின்றோம் என்று தெரிவது ஒன்று. அவர் முன் அஞ்சாது நிற்பது ஒன்று. இம்மூன்றும் ஒருங்கே சோதிக்கப்படும் இடம் ஒரு நாட்டின் திருநாள் மேடை. அங்கே கூடியிருப்போர் மகிழ்வதற்கென்று வந்தவர்கள். அவர்களிடம் குறையைச் சொன்னால் முகம் சுளிப்பர். நிறையை மட்டும் சொன்னால் சொன்னவனுக்கே மனம் கூசும். இந்த இடுக்கில் நின்று வென்றவர் சிலர் உண்டு. அவர்களுடைய வழி எது என்பதே இவ்வுரையின் பொருள்.

ராச்செஸ்டர் மண்டபம்

1852ஆம் ஆண்டு ஜூலை 4 ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. மறுநாள் திங்களன்று, நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரின் கொரிந்தியன் மண்டபத்தில், அவ்வூர் அடிமை எதிர்ப்பு மகளிர் சங்கத்தார் ஒரு விடுதலை விழாக் கூட்டம் கூட்டினர். 500 முதல் 600 பேர் வரை வந்திருந்தனர். பேச அழைக்கப்பட்டவர் பிரெடெரிக் டக்ளஸ். மேரிலாந்து மாநிலத்தில் அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்து, 1838இல் தப்பியோடி, அந்நகரிலேயே செய்தித்தாள் நடத்தி வந்தவர்.

ஜூலை 5 என்னும் நாளுக்கும் ஒரு வரலாறு உண்டு. நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை 1827 ஜூலை 4 அன்று சட்டப்படி முடிவுக்கு வந்தது. அம்மாநிலத்துக் கறுப்பின மக்களுள் பலர் அந்த மகிழ்ச்சியை 4ஆம் நாளில் கொண்டாடாமல் 5ஆம் நாளில் ஊர்வலமாகக் கொண்டாடினர். நாட்டின் திருநாளுக்கு ஒரு நாள் தள்ளி நின்று, தங்கள் நாளைத் தாங்களே வகுத்துக்கொண்டனர். டக்ளஸ் பேச எழுந்த நாளிலேயே அந்த இடைவெளி அமைந்திருந்தது.

அவர் எப்படித் தொடங்கினார் என்பதைக் கவிஞர்கள் கவனிக்க வேண்டும். முதலில் அவையடக்கம். தமிழ்க் காப்பியப் புலவர் எவரும் ஏற்கும் அவையடக்கம் அது. பிறகு, எழுபத்தாறு வயதுடைய அந்நாடு இன்னும் இளமையானது, ஆகவே திருந்தக்கூடியது என்னும் ஆறுதல். பிறகு, 1776இல் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிட்டவர்களுக்கு மனமாரப் புகழ். அவர்கள் அஞ்சாதவர், அமைதியை விரும்பினும் அடிமை வாழ்வை வெறுத்தவர் என்று பாராட்டினார். நெடுநேரம் இப்படியே சென்றது. அவையோர் தங்கள் தந்தையரின் பெருமையைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பர்.

அதன்பின் திருப்பம். ஓர் அடிமைக்கு இந்த நாள் என்ன பொருள் தரும் என்று கேட்டார். வழக்காடப் போவதில்லை என்று சொல்லிக்கொண்டே வழக்காடினார். அடிமையும் மனிதனே என்று மெய்ப்பிக்க வேண்டுமா என்று வினவி, அடிமை வைத்திருப்போரின் சட்டங்களையே சான்றுக்கு அழைத்தார். வர்ஜீனியா மாநிலத்தில் கறுப்பினத்தான் செய்தால் மரண தண்டனை என்று 72 குற்றங்கள் உள்ளன. அவற்றுள் இரண்டுக்கு மட்டுமே வெள்ளையனுக்கு அத்தண்டனை என்று எடுத்துக்காட்டினார். விலங்குக்கு எவரும் சட்டம் எழுதுவதில்லை. எழுதினால் அது மனிதனுக்கே. எதிரியின் ஏட்டிலிருந்தே எதிரிக்கு விடை கிடைத்தது.

1850இல் நிறைவேறிய சட்டம் ஒன்று, தப்பியோடிய அடிமைகளை வட மாநிலத்தாரும் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்றது. அவ்வாண்டுக் குடிக்கணக்கின்படி அடிமைகள் ஏறத்தாழ 32 இலட்சம் பேர். இச்சட்டத்தைக் கண்டிக்காத திருச்சபைகளையும் டக்ளஸ் விடவில்லை. எனினும் உரையை நம்பிக்கையோடுதான் முடித்தார். சுட்டது கடுஞ்சொல், ஆனால் கேட்டவர் எழுந்து ஓடவில்லை. அவர்கள் எதை உயர்வென்று போற்றினரோ அந்த அளவுகோலாலேயே அவர் அவர்களை அளந்தார். வெளியிலிருந்து ஒரு கோலைக் கொண்டுவந்திருந்தால் அவர்கள் அதை உதறியிருக்கக்கூடும்.

'நாம்' என்னும் சொல்

டக்ளஸின் உரையில் ஓர் இலக்கண நுட்பம் உண்டு. அவர் அவையோரை உடன்குடிமக்களே என்றுதான் விளித்தார். ஆனால் விடுதலையைக் குறிக்கும்போதும் தந்தையரைக் குறிக்கும்போதும் 'உங்கள்' என்றார். விளி அருகே அழைக்கிறது. உடைமைச் சொல் தள்ளி நிறுத்துகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தொலைவைத்தான் அந்த உரை முழுவதும் பேசியது.

ஆங்கிலத்தில் 'வி' என்னும் ஒரே சொல் கேட்பவரை உள்ளடக்கியும் வரும், விலக்கியும் வரும். தமிழ் அந்த மயக்கத்துக்கு இடம் தரவில்லை. முன்னிலையாரைச் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். இவ்வளவு கூர்மையான கருவி கையில் இருந்தும், விழாக் கவிதைகளில் 'நாம்' என்பது பெரும்பாலும் வழக்கத்தால் வந்து விழுகிறது. நாம் வென்றோம், நாம் நிமிர்ந்தோம், நாம் ஒன்றானோம் என்று அடிகள் ஓடும். அந்த 'நாம்' என்பதற்குள் யார் இருக்கிறார், யார் வாசலில் நிற்கிறார் என்று எண்ணிப் பார்த்து எழுதியவன் கவிதை வேறாக ஒலிக்கும். வாசலில் நிற்பவனை அழைத்து உள்ளே வைத்த பிறகு சொல்லும் 'நாம்' கேட்பவனை அசைக்கும்; அழைக்காமல் சொல்லும் 'நாம்' காதில் பட்டு நழுவும்.

மாறியவன் மாற்றினான்

பன்னிரண்டு வயதளவில் டக்ளஸ் பால்டிமோரில் காலணிக்கு மெருகிட்டுச் சேர்த்த காசில் 50 சென்ட் கொடுத்து ஒரு நூல் வாங்கினார். 'கொலம்பியன் ஆரேட்டர்' என்னும் பேச்சுப் பயிற்சி நூல் அது. 1797இல் கேலப் பிங்காம் தொகுத்தது. அதில் ஆண்டானுக்கும் அடிமைக்கும் ஓர் உரையாடல் வருகிறது. ஆண்டான் தன் நியாயங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, அடிமை ஒவ்வொன்றுக்கும் விடை தர, இறுதியில் ஆண்டான் அவனை விடுவிக்கிறான். அடிமைச் சிறுவன் ஒருவன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். சொல்லால் விலங்கை அறுக்கலாம் என்று அவன் அறிந்த முதல் இடம் அதுவே.

ஆனால் அந்நூலை விடப் பெரிய பாடம் 1851இல் வந்தது. அதுவரை டக்ளஸ் தம் வழிகாட்டியான வில்லியம் லாயிட் கேரிசனின் கொள்கையையே ஏற்றிருந்தார். அமெரிக்க அரசியல் சட்டம் அடிமை முறைக்குத் துணைபோகும் சட்டம். அதைத் தள்ளுவதே நேர்மை என்பது அக்கொள்கை. ஜெரிட் சுமித் முதலியோருடன் வாதித்தும், நூல்களை ஆராய்ந்தும், டக்ளஸ் கருத்து மாறினார். அச்சட்டத்தின் சொற்களை நேர்மையாகப் பொருள்கொண்டால் அவை விடுதலையின் பக்கமே நிற்கும் என்னும் முடிவுக்கு வந்தார். அதை 1851இல் சிராகியூஸ் நகரில் தம் இயக்கத்தாரின் கூட்டத்திலேயே அறிவித்தார். அதற்கு அவர் கொடுத்த விலை கேரிசனின் நட்பு. பிளவு கசப்பாகவே வளர்ந்தது.

1854 ஜூலை 4 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபிரேமிங்காமில் கேரிசன் அரசியல் சட்டத்தின் படியொன்றைக் கூட்டத்தின் முன் எரித்தார். ஒரே திருநாள், ஒரே இலட்சியம், இரு வழிகள். ஒருவர் ஏட்டைத் தீயிலிட்டார். மற்றவர் அதே ஏட்டைத் திறந்து வைத்து இதன்படி நடவுங்கள் என்றார். கேரிசனின் நேர்மையை எவரும் ஐயுற முடியாது. முப்பதாண்டுக்கு மேல் இதழ் நடத்தி, கும்பலின் தாக்குதலையும் தாங்கியவர் அவர். எனினும் தயங்கி நிற்பவன் ஒருவனுக்கு எரியும் ஏடு தருவது அதிர்ச்சி. திறந்த ஏடு தருவது ஒரு வழி. தாமே ஒரு முறை வாதத்துக்குத் தலைவணங்கி மாறியவர் என்பதால், மாற நினைப்பவனுக்கு எந்த இடத்தில் கால் இடறும் என்பது டக்ளஸுக்குத் தெரிந்திருந்தது. தான் ஒருபோதும் மனம் மாறாதவன் பிறர் மனத்தை மாற்றும் வழியை எங்கே கற்பான்?

நுழைய ஒரு வாசல்

பிரான்சின் கதை வேறு வகையானது. 1880இல் குடியரசினர் நாட்டுக்கொரு திருநாள் தேடினர். அவ்வாண்டு மே மாதம் பெஞ்சமின் ராஸ்பாய் என்னும் உறுப்பினர் ஜூலை 14ஐ முன்மொழிந்தார். 1789 ஜூலை 14 பாஸ்டில் கோட்டை வீழ்ந்த நாள். கோட்டைத் தலைவர் கொல்லப்பட்டு அவர் தலை ஈட்டியில் ஏந்தப்பட்ட நாளும் அதுவே. குருதி படிந்த நாளைக் கொண்டாடுவதா என்று மேலவையில் தயக்கம் எழுந்தது.

சட்ட முன்வரைவை அவை முன் வைத்துப் பேசியவர் ஆன்றி மார்த்தேன், பிரான்சின் வரலாற்றை எழுதியவர். தயங்கியவர்களை அவர் இகழவில்லை. 1790 ஜூலை 14 அன்று நடந்த மற்றொன்றை நினைவூட்டினார். பாரிசின் மார்ஸ் திடலில் நாட்டின் எல்லாப் பகுதியினரும் கூடி, அரசனும் உடன் நின்று, ஒற்றுமைக்கு உறுதி எடுத்த நாள் அது. அங்கே குருதி சிந்தவில்லை. முதல் நாளில் மனம் ஒப்பாதவர் இரண்டாம் நாளை நினைத்துக் கொண்டாடலாம் என்றார். 1880 ஜூலை 6ஆம் நாள் வெளியான சட்டம் ஜூலை 14 என்று மட்டும் சொல்லிற்று, ஆண்டைக் குறிக்கவில்லை. இன்றும் அச்சட்டத்தில் ஆண்டு இல்லை. ஒரு நாளுக்குள் இரு நினைவுகள் அமர இடம் கிடைத்தது.

இதனைச் சூழ்ச்சி என்று தள்ளிவிடலாகாது. வாதத்தில் தோற்றவன் தலைகுனிந்து வெளியேறுவான். அவன் உடன்பட்டதாக ஆகாது. அவன் தலைநிமிர்ந்து நுழைவதற்கு ஒரு வாசலைத் திறந்து வைப்பவனே அவனைத் தன்னோடு அழைத்துவரக்கூடும். ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மார்த்தேன் சொன்ன இரு நிகழ்ச்சிகளும் உண்மை. பொய்யால் திறக்கும் வாசல் எவரையும் நெடுநாள் உள்ளே வைத்திராது.

சிட்னியில் ஒரு துக்க நாள்

1938 ஜனவரி 26. ஆங்கிலேயர் சிட்னித் துறையில் இறங்கி 150 ஆண்டு நிறைந்த நாள். நகரில் பெரும் ஊர்வலம். 1788இல் ஆர்தர் பிலிப் கரையிறங்கிய காட்சி மீண்டும் நடித்துக் காட்டப்பட்டது. அக்காட்சிக்கென்று உள்நாட்டுப் பகுதிகளிலிருந்து பழங்குடியினர் சிலர் அழைத்து வரப்பட்டிருந்தனர்.

அதே நாளில், அதே நகரில், எலிசபெத் தெருவிலிருந்த ஆஸ்திரேலியன் மண்டபத்தில் ஏறத்தாழ நூறு பழங்குடியினர் கூடினர். ஊர்வலம் கடந்து போகும் வரை காத்திருந்து, மண்டபத்தின் பின்வாசல் வழியே நுழைந்தனர். ஜேக் பேட்டன் தலைமை தாங்க, வில்லியம் பெர்குசன், வில்லியம் கூப்பர் முதலியோர் உடனிருக்க, அந்த நாளைத் துக்க நாள் என்று அறிவித்தனர். கூட்டம் பழங்குடியினருக்கென்றே கூட்டப்பட்டது. முதலில் 'நாங்கள்' யார் என்று தெளிந்துகொண்டனர். தெளிந்தபின் கேட்டது என்ன? முழுக் குடியுரிமையும் சமத்துவமும். அதாவது, ஆஸ்திரேலியாவின் 'நாம்' என்பதில் தங்களுக்குரிய இடம். ஐந்து நாள் கழித்து ஜனவரி 31 அன்று பிரதமர் ஜோசப் லயன்சைக் கண்டு கோரிக்கைகளை அளித்தனர்.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. கூப்பர் பல ஆண்டுகள் அலைந்து 1,814 பேரிடம் ஒப்பம் பெற்று, மன்னருக்கென்று கொடுத்த விண்ணப்பத்தை அரசு மன்னருக்கு அனுப்பவே மறுத்தது. கூப்பர் 1941இல் மறைந்தார்; பெர்குசன் 1950இல்; பேட்டன் 1957இல். 1967 மே 27 அன்று, பழங்குடியினரை விலக்கி வைத்த அரசியல் சட்டப் பகுதிகளைத் திருத்துவதற்கு நாடெங்கும் வாக்கெடுப்பு நடந்தது. 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் ஆம் என்றனர். மண்டபத்தில் பேசிய மூவரும் அதைக் காணவில்லை. சொல் விதைத்தவன் அறுவடைக்கு இருப்பான் என்னும் உறுதி இல்லை. கைதட்டலை எண்ணிப் பேசுபவனால் இப்பணியைத் தாங்க முடியாது.

ஆகஸ்டு 15

தமிழ் மேடையும் இந்தச் சோதனையைக் கண்டதுண்டு. 1947 ஆகஸ்டு 15ஐப் பெரியார் துக்க நாள் என்று அறிவித்தார். வெள்ளையரிடமிருந்து பார்ப்பன, பனியா ஆதிக்கத்தின் கைக்கே ஆட்சி மாறுகிறது என்பது அவர் கருத்து. அவருடைய தலைமாணாக்கராக விளங்கிய அண்ணா, 'திராவிட நாடு' இதழில் அந்நாள் இன்ப நாள் என்று எழுதினார். அந்நிய ஆட்சி அகல்வது மகிழத்தக்கதே. எஞ்சிய விடுதலைக்கான போர் பிறகு தொடரட்டும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இருவரில் எவர் கருத்து சரி என்று தீர்ப்புக் கூறுவது இங்கே நோக்கம் அன்று. பெரியார் கேட்டதும் டக்ளஸ் கேட்ட வினாவின் இனமே: இந்த விடுதலை யாருடையது? அண்ணா கேட்டது மற்றொரு வினா: தெருவில் மகிழ்ந்து நிற்கும் மக்களைத் துக்கத்துக்கு அழைத்தால் அவர்கள் நாளை எந்தச் சொல்லைக் கேட்பர்? முன்னது அவையஞ்சாமை, பின்னது அவையறிதல். இரண்டும் ஒருவரிடம் ஒருங்கே அமைவது அரிது. ராச்செஸ்டரில் அமைந்தது, அதனால்தான் அவ்வுரை நிலைத்தது. தலைவரை மறுத்து எழுதிய அண்ணா, மறுப்பைக் கட்சிக்குள் மறைக்காமல் அச்சில் வைத்தார் என்பதும் எண்ணத்தக்கது. 1949இல் வழிகள் பிரிந்தன. டக்ளஸுக்கும் கேரிசனுக்கும் நேர்ந்தது போலவே, கருத்தில் உண்மையாய் இருப்பதற்கு ஓர் உறவு விலையாயிற்று.

கவிஞருக்கு

இவற்றைக் கேட்டபின் விழா மேடைக் கவிஞன் என்ன செய்வது? புகழ்வதை நிறுத்த வேண்டியதில்லை. டக்ளஸின் உரையில் புகழ் குறைவில்லை. புகழ்ந்ததையே ஒரு கடனாகக் கேட்பவர் தலையில் வைத்ததில்தான் அவர் திறன் இருந்தது. உங்கள் தந்தையர் இத்தனை பெரியவர் என்றால், நீங்கள் செய்வது இது தானா என்னும் கேள்வி புகழிலிருந்தே பிறந்தது. உண்மையான புகழை மறுக்க எவருக்கும் மனம் வாராது. ஆகவே அதிலிருந்து பிறக்கும் கேள்வியையும் எளிதில் தள்ள முடியாது.

அந்த உரையால் அடிமை முறை ஒழிந்துவிடவில்லை. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரும், 1865 டிசம்பரில் நிறைவேறிய 13ஆம் சட்டத் திருத்தமும் வேண்டியிருந்தன. சொல்லால் எல்லாம் ஆகும் என்பது மேடை மயக்கம். ஆனால் எதற்காகப் போரிடுவது என்று ஒரு நாடு அறிந்துகொள்வதற்குச் சொல் வேண்டும். 1863இல் கறுப்பினப் படை திரட்டப்பட்டபோது டக்ளஸ் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்தார். அவர் மைந்தருள் இருவர் அதில் சேர்ந்தனர். தன் சொல்லைத் தன் வீட்டிலிருந்தே தொடங்கியவனை மறுப்பது கடினம்.

டக்ளஸுக்குத் தம் பிறந்த நாள் தெரியாது. அடிமைக் குழந்தைகளுக்கு அதை எழுதி வைப்பார் இல்லை. ஆகவே பிப்ரவரி 14ஐத் தாமே தெரிந்துகொண்டார். 1895இல் அவர் மறைந்தார். 1926இல் வரலாற்றறிஞர் கார்ட்டர் வுட்சன் கறுப்பின வரலாற்று வாரத்தைத் தொடங்கியபோது, லிங்கனின் பிறந்த நாளான பிப்ரவரி 12ஐயும் டக்ளஸின் 14ஐயும் உள்ளடக்கிய வாரத்தையே தெரிந்தார். 1976இல் அது ஒரு மாதமாக விரிந்தது. டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டனில் 1865 ஜூன் 19 அன்று விடுதலை ஆணை படிக்கப்பட்டதை நினைவுகூரும் நாள் 2021இல் கூட்டாட்சி விடுமுறை நாளாயிற்று. ஜூலை 4க்குப் பதினைந்து நாள் முன்னதாக இன்னொரு விடுதலை நாள் அந்நாட்டின் நாட்காட்டியில் ஏறிவிட்டது. 'உங்கள் நாள்' என்று 1852இல் விலகி நின்ற குரலுக்கு, 169 ஆண்டுகள் கழித்து நாட்காட்டி அளித்த விடை அது.

அடுத்த திருநாளுக்குக் கவிதை கேட்டு அழைப்பு வரும். தாளில் முதலில் விழும் சொல் 'நாம்' என்றால், அதற்குள் யார் யார் இருக்கிறார் என்று ஒருமுறை எண்ணிவிட்டு அடுத்த சொல்லை எழுதுக.